வாழையைத் தேடி வரும் வாடல் நோய்

ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழைப்பழம் என்றால் ஒரே பழம்தான். அதன் பெயர் 'குரோ மிஷேல்'. பிரெஞ்சு மொழியில் 'தடித்த மைக்கேல்' என்று அர்த்தம்.

பெயருக்கு ஏற்ற பழம். தோல் தடிப்பு. மணம் அதிகம். தாரை வெட்டி அப்படியே கப்பலில் ஏற்றினால், பல நாள் கடலில் போனாலும் நசுங்காது. வியாபாரிக்கு வேறு என்ன வேண்டும்?

மத்திய அமெரிக்க நாடுகளில் காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கரில் இந்த ஒரே வாழையை வைத்தார்கள். அதற்காகவே ரயில் போட்டார்கள், துறைமுகம் கட்டினார்கள். யுனைடெட் புரூட் என்ற அமெரிக்கக் கம்பெனி, சில நாட்டு சர்க்கார்களையே ஆட்டி வைக்கும் அளவுக்குக் கொழுத்தது. 'வாழைப்பழக் குடியரசு' என்ற கேலிப் பெயர் அந்த நாடுகளுக்கு வந்தது அப்படித்தான்.

அந்தப் பழம் இன்று எங்கே?

தாய்லாந்து போன்ற சில நாடுகளில் கொஞ்சம் விளைகிறது. உலகச் சந்தையில் அது இல்லை. 1960-களோடு அதன் கதை முடிந்துவிட்டது. அதை முடித்தது புயல் அல்ல, யுத்தம் அல்ல. மண்ணுக்குள் இருக்கும் ஒரு பூசணம்!

இப்போது அந்தப் பூசணத்தின் தம்பி புறப்பட்டிருக்கிறான். இந்தியாவுக்குள்ளும் நுழைந்துவிட்டான்.

காலடியில் தண்ணீர், ஆனாலும் தாகம்!

ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் நாலு நாளில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுவும் பூசணம்தான். வாழையைக் கொல்வது அதற்குத் தூரத்து உறவு. 'பியூசேரியம்' என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர். விவசாயிகள் சொல்வது 'வாடல் நோய்'. பனாமா நாட்டில் பெரும் நாசம் செய்ததால் 'பனாமா நோய்' என்ற பெயரும் உண்டு.

இது மண்ணில் காத்திருக்கும். வாழை வேர் பக்கத்தில் வந்ததும் விழித்துக்கொள்ளும். வேர் வழியாகக் கிழங்குக்குள் நுழையும். மரத்துக்குள் தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைப் போய் அடைக்கும். வாழையும் சும்மா இருப்பதில்லை. எதிரியைத் தடுக்கப் பிசின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அந்தப் பிசினும் சேர்ந்து குழாயை அடைத்துவிடுகிறது!

பிறகு என்ன? காலடியில் தண்ணீர் நிற்கும். மேலே ஏறாது. தாகத்தாலேயே மரம் சாகும்.

முதலில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து, இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். மரத்தின் அடிப்பாகம் நீளவாக்கில் வெடிக்கும். வெட்டிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய உட்பாகத்தில் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். தார் தள்ளாது. தள்ளினாலும் காய் திரளாது.

தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் ஒரு மடை திறந்துவிடுகிறவர்கள் உண்டு. பாவம், அந்தத் தண்ணீரே நோயை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும்.

மருந்து தெளித்தால் போகாதா? போகாது. மரத்துக்குள் புகுந்த பிறகு அதை அழிக்கும் மருந்து இதுவரை கிடையாது. மரத்தை வெட்டி எரித்தாலும் பூசணத்தின் வித்துக்கள் மண்ணில் தங்கும். பத்து வருஷம் அல்ல, இருபது வருஷம் ஆனாலும் சாகாது. மறுபடி வாழை வைத்தால் மறுபடி வரும்.

1876-லேயே ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்குப் பக்கத்தில் ஜோசப் பான்கிராப்ட் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதி வைத்தார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வருஷங்களில் மத்திய அமெரிக்காவில் அது தலைதூக்கியது. ஹோண்டுராஸ் நாட்டில், வயலைச் சுற்றிக் கரை கட்டி, மாதக்கணக்கில் தண்ணீரைத் தேக்கிப் பூசணத்தை மூச்சுத் திணற வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு பணம்! எவ்வளவு உழைப்பு! சில வருஷத்தில் நோய் திரும்பி வந்தது.

கம்பெனிகள் வேறு ஒரு வழி கண்டுபிடித்தன. நோய் வந்த நிலத்தைக் கைவிட்டு, வேறு காட்டை வெட்டுவது! கம்பெனி நகர்ந்தது. அங்கே கூலி வேலை செய்த குடும்பங்கள் நகர முடியுமா? ரயில் பாதை துருப்பிடித்தது. ஊர்கள் காலியாயின.

வாழையடி வாழை

"வாழையடி வாழையாக வாழ்க" என்று பெரியவர்கள் வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்திலேயே வாழையின் பலமும் இருக்கிறது, பலவீனமும் இருக்கிறது.

நெல்லுக்கு விதை உண்டு. மாவுக்குக் கொட்டை உண்டு. சாப்பிடும் வாழைப்பழத்தில் முளைக்கிற விதை கிடையாது. நடுவில் சிறு கறுப்புப் புள்ளிகள் மட்டும் தெரியும். காட்டு வாழையில் கல் போன்ற விதைகள் நிறைய இருக்கும், தின்ன முடியாது. விதை இல்லாத மரம் ஒன்று எப்போதோ தற்செயலாக உண்டாக, அதைப் பார்த்து எடுத்து வளர்த்தவன் மனிதன்.

விதை இல்லாததால் பக்கக் கன்றை எடுத்துத்தான் நட வேண்டும். கன்று என்பது பிள்ளை அல்ல. அது அதே தாய்தான்! உயரம், ருசி, மணம், வயிற்றுக்கோளாறு எல்லாம் அதே. ஒரு தோட்டத்தில் ஆயிரம் மரம் நின்றாலும், உண்மையில் நிற்பது ஒரே மரம்.

நெல் வயலில் நோய் வந்தால் ஏதோ சில பயிர் தாங்கி நிற்கும். அதன் விதையை எடுத்துப் புது ரகம் உண்டாக்கலாம். வாழையில் அந்த வழி சுலபமாக இல்லை. ஒன்று விழுந்தால் அத்தனையும் விழும். தடித்த மைக்கேல் விழுந்தது இதனால்தான்.

பிரபுவின் கண்ணாடி வீட்டு வாழை

மைக்கேல் போன பிறகு கம்பெனிகளைக் காப்பாற்றியது யார் தெரியுமா? இங்கிலாந்துப் பிரபு ஒருவர் வீட்டில் வளர்ந்த வாழை!

1830-களில், சாட்ஸ்வொர்த் மாளிகையின் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் ஒரு வாழைக் கன்றை வாங்கிவந்து கண்ணாடி வீட்டுக்குள் நட்டார். சீனாவிலிருந்து மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ரகம் அது. குளிர் நாட்டில் வாழை தார் தள்ளியதும் ஊரே அதிசயித்தது. எஜமானரின் குடும்பப் பெயர் காவெண்டிஷ். வாழைக்கும் அதே பெயர் வைத்துவிட்டார் பாக்ஸ்டன். (தோட்டக்காரருக்குப் பிழைக்கத் தெரிந்திருந்தது!) அதிலிருந்து எடுத்த கன்றுகளைப் பாதிரிமார்கள் பசிபிக் கடல் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள்.

காவெண்டிஷ் வேறு யாரோ அல்ல. தமிழ்நாட்டுக் கடைகளில் பச்சைப் பழம், மோரிஸ், ரொபஸ்டா என்று தொங்குவதெல்லாம் அந்தக் குடும்பம்தான். இப்போது எங்கும் விற்கும் ஜி-9 என்ற மஞ்சள் பழமும் அதுவே.

ருசியில் மைக்கேலுக்கு இது ஈடில்லை என்று சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தோலும் மெல்லியது. அதனால்தான் சீப்புகளாக வெட்டி அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பும் பழக்கம் வந்தது. ஆனால் பனாமா நோய் இதை ஒன்றும் செய்யவில்லை. அது போதாதா? உலகம் முழுவதும் காவெண்டிஷ் வைத்தார்கள். இன்று உலகில் விளையும் வாழைப்பழத்தில் ஏறத்தாழ பாதி இந்த ஒரே வகை. நாடு விட்டு நாடு போகும் பழம் கிட்டத்தட்ட முழுவதும் இதுதான்.

ஒரே ரகத்தை நம்பி ஒரு தடவை கெட்டவர்கள், மறுபடியும் ஒரே ரகத்தை நம்பினார்கள்!

நாலாம் இனம்

தைவான் தீவில் 1960-களின் கடைசியில் காவெண்டிஷ் மரங்களே வாடத் தொடங்கின. 1990-களில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் புதிதாக வைத்த பெரிய தோட்டங்கள் அழிந்தன. பார்த்தால் அதே பூசணம், ஆனால் வேறு இனம். மைக்கேலைக் கொன்றதை முதல் இனம் என்கிறார்கள். இதற்கு 'வெப்ப நாட்டு நாலாம் இனம்' என்று பெயர் வைத்தார்கள்.

1997-ல் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் டார்வின் நகருக்குப் பக்கத்தில் காணப்பட்டது. 2013-ல் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் இருப்பது தெரிந்தது. நடுவில் கடல் இருக்கிறது. தென் அமெரிக்காவுக்குப் போகாது என்று பலர் நம்பியிருந்தார்கள். 2019 ஆகஸ்டில் கொலம்பியா நாடு நெருக்கடி நிலையை அறிவித்தது. 2021-ல் பெரு நாட்டிலும், 2023-ல் வெனிசுலாவிலும் இருப்பது தெரியவந்தது.

பூசணத்துக்குக் கால் கிடையாது. இவ்வளவு தூரம் எப்படிப் போனது? மனிதன் காலில் ஒட்டிக்கொண்டு போனது! செருப்பில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும். மண்வெட்டி, டிராக்டர் சக்கரம், வெள்ளத் தண்ணீர் எல்லாம் அதற்கு வாகனங்கள். எல்லாவற்றையும்விட நல்ல வாகனம் வாழைக் கன்று. பார்வைக்குப் பசுமையாக இருக்கும். கிழங்குக்குள் நோய் இருக்கும்.

இந்தியாவில் பீகார் மாநிலத்தின் கடிஹார், பூர்ணியா மாவட்டங்களில் ஜி-9 தோட்டங்கள் வாடின. சோதித்தபோது நாலாம் இனம் என்று தெரிந்தது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகிய இடங்களிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

உலகத்து வாழைப்பழத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியாவில் விளைகிறது. முதல் இடம் இந்தியாவுக்குத்தான். அதில் மிகப் பெரும் பகுதி வெளிநாடு போவதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. ஏழை வீட்டிலும் கைக்கு எட்டும் பழம் இது. அமெரிக்காக்காரருக்கு வாழைப்பழம் போனால் ஆப்பிள் இருக்கிறது. இங்கே அப்படி அல்ல.

ரஸ்தாளிக்கு ஏன் இந்த விலை?

நோய் எங்கோ வடக்கே இருக்கிறது என்று தமிழ்நாடு நிம்மதியாக இருக்க முடியாது. பழைய முதல் இனம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. ரஸ்தாளியைக் கேட்டால் தெரியும். ருசியில் அது ராஜா. ஆனால் வாடல் நோய்க்கு முதலில் பலியாவதும் அதுதான். நோய் வந்த மண்ணில் ரஸ்தாளியை மறுபடி வைக்க விவசாயி பயப்படுகிறார். அதன் விலையில் அந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது. கற்பூரவல்லியும் இந்த நோய்க்குத் தப்புவதில்லை.

பூவன் கதை வேறு. அதே முதல் இனத்தைப் பூவன் தாங்கி நிற்கும். காவிரிக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பூவன் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பூவனுக்கு வேறு ஒரு வைரஸ் நோய் உண்டு. இலையில் கோடு கோடாக விழும். எந்த வாழையும் எல்லா நோயையும் தாங்குவதில்லை. எல்லா வாழையும் ஒரே நோயில் விழுவதும் இல்லை.

பூவன், நேந்திரன், மொந்தன், செவ்வாழை, மட்டி, பச்சநாடன், விருப்பாட்சி... இத்தனை பெயர் சொல்லிப் பழம் வாங்குகிற ஜனங்கள் உலகில் அதிகம் இல்லை. லண்டன் கடையில் போய்க் கேட்டால் 'வாழைப்பழம்' என்று ஒரே பெயர்தான். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடை லண்டனைவிடப் பணக்காரக் கடை!

அந்தச் செல்வம் இப்போது கரைகிறது. ஜி-9 சீக்கிரம் காய்க்கிறது, தார் பெரிதாக வருகிறது, வியாபாரி தோட்டத்துக்கே வந்து எடுத்துப்போகிறார். கம்பம் பள்ளத்தாக்கில் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் அதுவே. கடன் வாங்கி விவசாயம் செய்கிறவர் லாபம் தருவதை வைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹோண்டுராஸ் தோட்டங்களும் ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே மாதிரிதான் இருந்தன.

நாலாம் இனம் காவெண்டிஷோடு நிற்பதில்லை. வேறு பல ரகங்களையும் தாக்கக்கூடியது. ஆனால் தாக்குவதில் ஏற்றத்தாழ்வு உண்டு. எந்த ரகம் நிற்கும், எது விழும் என்று பார்க்க வேண்டுமானால், முதலில் பல ரகங்கள் மண்ணில் உயிரோடு இருக்க வேண்டும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான ரகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. பெல்ஜியம் நாட்டில் லூவென் நகரத்தில் உலக வாழைகளின் சேமிப்பு ஒன்று இருக்கிறது. 1,500-க்கும் மேற்பட்ட வகைகளைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வளர்க்கிறார்கள். வாழையே விளையாத குளிர் நாட்டில்!

பஞ்சாமிர்த வாழைக்கு நேர்ந்தது

பழனி மலைத்தொடரில் விளையும் விருப்பாட்சிப் பழம் சின்னது, சதை இறுகியது, சீக்கிரம் அழுகாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன பழம். அதை வீழ்த்தியது வேறொரு நோய், முடிக்கொத்து நோய். இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக நிற்கும். காய் வராது. அசுவினி என்ற சின்னப் பூச்சி இந்த வைரசை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. இலங்கையிலிருந்து 1940 வாக்கில் கேரளப் பக்கம் வந்து, பிறகு மலைகளில் ஏறியது. மலைச் சரிவுகளில் பெரும் பரப்பில் விருப்பாட்சி அழிந்தது. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிக் கொடுத்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

இதே முடிக்கொத்து நோய் 1920-களில் ஆஸ்திரேலியாவின் வாழைத் தொழிலையே படுக்க வைத்தது. மகீ என்ற இளம் ஆராய்ச்சியாளர் அசுவினிதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. மருந்துக்குக் காத்திருக்கவில்லை. சட்டம் போட்டார்கள். நோய் வந்த மரத்தை உடனே அழிக்க வேண்டும். சோதித்த கன்றைத்தான் நட வேண்டும். இன்ஸ்பெக்டர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். சில வருஷங்களில் தொழில் எழுந்து உட்கார்ந்தது!

2015-ல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் டல்லி என்ற ஊரில் நாலாம் இனம் ஒரு தோட்டத்தில் தலைகாட்டியது. வாழை விவசாயிகளின் சங்கம் அரசாங்க உதவியோடு அந்தத் தோட்டத்தையே விலைக்கு வாங்கி மூடியது. மரங்களை அழித்தார்கள். வேலி போட்டார்கள். அந்த வட்டாரத்தில் நோய் அடியோடு போகவில்லை. ஆனால் காட்டுத்தீ போல் பரவவும் இல்லை.

இங்கே செய்ய வேண்டியது

விஞ்ஞானிகள் சும்மா இல்லை. தைவான்காரர்கள் ஓரளவு தாங்கும் காவெண்டிஷ் கன்றுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் என்ற விஞ்ஞானியின் குழு, காட்டு வாழையிலிருந்து ஒரு ஜீனை எடுத்துக் காவெண்டிஷில் சேர்த்தது. அந்த வாழையை வளர்க்கவும் உண்ணவும் 2024-ல் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. நல்ல செய்திதான். ஆனால் அதுவும் காவெண்டிஷ்தானே! நாளைக்கு ஐந்தாம் இனம் ஒன்று வந்தால்?

விவசாயி வீட்டில் செய்யக்கூடியது சில உண்டு. தெரியாத தோட்டத்துக் கன்று வேண்டாம், இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். "நல்ல ஈட்டிக் கன்றாக நாலு எடுத்துப் போ, மாமா" என்று கொடுப்பது கிராமத்தின் நல்ல குணம். ஆனால் வாடல் நோய் அந்த நல்ல குணத்தின் மேல் ஏறித்தான் ஊர் சுற்றுகிறது. கன்று கொடுத்த தோட்டத்தில் மஞ்சள் இலை இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாங்கினால் உறவு கெட்டுவிடாது. திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் பெயர் தெரிந்த, சான்றிதழ் உள்ள இடத்தில் வாங்க வேண்டும். வெளியூர் ஆள் தார் வெட்ட வந்தால் அரிவாளையும் செருப்பையும் வாசலிலேயே கழுவச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வாடிய மரத்தைப் பிடுங்கி வாய்க்காலில் வீசுவது மட்டும் கூடவே கூடாது. ஒரே நிலத்தில் வாழையை விடாமல் வைப்பதைவிட, நடுவில் நெல் போட்டு எடுப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு தோட்டத்தில் நோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விவசாயி என்ன செய்வார்? அதிகாரியிடம் சொன்னால் தோட்டத்தையே அழிக்கச் சொல்வார்கள். கடன் கழுத்தில் நிற்கும். வெளியே சொல்லாமல் கிடைத்த தாரை விற்றுவிட்டு, கன்றையும் நல்ல விலைக்குத் தள்ளிவிடலாமே என்று மனம் சொல்லும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அப்படித்தான் சொல்லும். அதற்காக அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்வதில் பயன் இல்லை.

எனவே, நோயை முதலில் வந்து சொல்பவருக்கு முழு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அலைய விடாமல், அந்தப் பட்டத்திலேயே கொடுக்க வேண்டும். வாழை அழிந்த நிலத்தில் அடுத்து எதைப் பயிரிடலாம் என்று சொல்லி, அதற்கு விதையும் கொடுக்க வேண்டும். வாழை விளையும் ஒவ்வொரு வட்டாரத்திலும், ஒரு துண்டு மரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த இனம் என்று சோதித்துச் சொல்ல ஓர் இடம் வேண்டும். வட மாநிலங்களிலிருந்து வரும் கன்றுகளை எல்லையிலேயே நிறுத்திப் பார்க்க ஆள் வேண்டும். இதற்கெல்லாம் பணம் ஆகும். ஸ்ரீவைகுண்டத்திலும் தொட்டியத்திலும் கம்பத்திலும் வாழை போய்விட்டால் ஆகும் பணத்தோடு அதை ஒப்பிட்டு, கோட்டையில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். நோய் ஆற்றைத் தாண்டி வந்த பிறகு போடும் கணக்கு கொலம்பியாக்காரர்கள் போட்ட கணக்கைப் போல ஆகிவிடும்.